மகளின் பெயரில் ஒரு ‘ழ’

2024 அக்டோபரில், காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், பத்தாம் வகுப்பு மாணவிகளின் பெற்றோரை வகுப்பாசிரியர் வரச் சொல்லியிருந்தார். மதிப்பெண்ணைப் பற்றிப் பேசத்தான் அழைக்கிறார் என்று எண்ணிக்கொண்டு, வெட்டி வைத்திருந்த ரவிக்கைத் துணிகளை அப்படியே சுருட்டி வைத்துவிட்டுப் போனேன். அவர் மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மேசைமேல் என் மகளின் மூன்று தாள்களை வரிசையாக வைத்தார். பள்ளிப் பதிவேட்டின் நகலில் அவள் பெயர் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும் இருந்தது. மூன்றாவது பிறப்புச் சான்றிதழ். அதில் குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு சிறு கோடு மட்டுமே இருந்தது. “பொதுத் தேர்வுப் பெயர்ப்பட்டியலுக்குப் பேரும் பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழை வச்சுத்தாம்மா சரிபார்க்கணும். இதுல பேரே இல்லையே” என்றார். பதினைந்து ஆண்டுகளாக அந்தத் தாள் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தது. எத்தனையோ முறை அதை எடுத்து நகல் எடுத்திருக்கிறேன். அந்தக் கோட்டை ஒரு முறைகூட நின்று பார்த்ததில்லை.

அன்றிலிருந்து டிசம்பர் நடுப்பகுதிவரை நான் அலைந்த அலைச்சலில் பாதி தேவையே இல்லாதது என்று இப்போது தெரிகிறது. வரிசையை மாற்றிச் செய்ததுதான் என் தவறு. வேரைத் திருத்தாமல் கிளையைத் திருத்தப் போனேன். எதை முதலில் செய்யவேண்டும் என்று சொல்ல அப்போது ஒருவரும் இல்லை என்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குத்தாலத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ஒரு கிராமம் எங்களுடையது. கணவருக்கு ஆறு மா நிலம். நான் வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்துத் தைக்கிறேன். இளங்கலையில் தமிழ் படித்தவள். மகளுக்கு ஆசையாக நான் தேர்ந்தெடுத்த பெயரில் ஒரு ‘ழி’ வரும். பெயர் என்ன என்று இங்கே எழுதவில்லை. எழுதக்கூடாது என்பது அவளுடைய கட்டளை.

பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லாமற்போனதற்கு எங்கள் வீட்டுச் சண்டையே காரணம். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கப்படி, 2009 நவம்பரில், நீடாமங்கலத்தைத் தாண்டி இருக்கும் என் பிறந்த ஊரில் அரசு மருத்துவமனையில் அவள் பிறந்தாள். மாமியாருக்கு, மயிலாடுதுறை அம்பாளின் பெயரான அபயாம்பாள் என்பதைத்தான் பேத்திக்கு வைக்கவேண்டும். அது அவருடைய பெயரும்கூட. என் தந்தைக்கோ தனித்தமிழ்ப் பெயர்தான் வேண்டும். பெயர் சூட்டும் நாளில் இரண்டு பெயர்களையும் காதில் சொல்லி ஒருவாறு ஒப்பேற்றினோம். ஆனால் எந்தப் பெயரைப் பதிவது என்பதில் இரு வீட்டாரும் விட்டுக்கொடுக்கவில்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட்டார்கள். பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை. பள்ளியில் சேர்க்கும்போது நான் சொன்ன பெயரை எழுதினார்கள். குடும்ப அட்டை மாமியார் பெயரில் இருந்ததால் அதில் அவர் சொன்ன பெயர் ஏறியது. 2017இல் மின்னணுக் குடும்ப அட்டை வந்தபோதும் அதே அபயாம்பாள் அதில் தொடர்ந்தாள். இரண்டு பெயரோடு ஒரு பிள்ளை வளர்வதில் யாருக்கும் எந்தச் சிரமமும் தெரியவில்லை. வீட்டில் அபயா, பள்ளியில் வேறு, அவ்வளவுதான்.

ஆதாரின் கதை தனி. 2015இல் முகாம் போட்டு எடுத்தபோது, பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பையன் ‘ழ’வுக்கு ‘எல்’ போட்டான். பள்ளித் தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டில் ‘இசட்-எச்’ போட்டு எழுதியிருந்தார். ஆதாரில் ‘எல்’ போட்டதால் அதன் தமிழ் வரியும் ‘லி’ என்றே வந்துவிட்டது. தமிழ் படித்த தாயின் மகளுக்கு ஆதாரில் ‘ழ’ இல்லை. 2019இல் வங்கிக் கணக்கு தொடங்குவதற்காகப் பெயருடன் தந்தையின் முன்னெழுத்தைச் சேர்க்க ஒருமுறை ஆதாரைத் திருத்தினோம். அப்போதும் ‘எல்’லை மாற்றச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. முன்னெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: என் கணவரின் பெயர் ‘ஞா’வில் தொடங்கும். தமிழில் ‘ஞா.’ என்பதில் குழப்பமில்லை. ஆங்கிலத்தில் அது ‘ஜி’யா ‘என்’னா என்பது எழுதுபவரின் கையில் இருக்கிறது. தமிழ்ப் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிறவர்கள், அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அன்றே ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிடவேண்டும். எங்கே போனாலும் வாயால் சொல்லாமல் அந்தத் தாளை நீட்டவேண்டும். காதில் விழுவதை எழுதுகிறவர்களுக்கு ‘ழ’வும் ‘ல’வும் ஒன்றுதான்.

பள்ளியிலிருந்து வந்த அன்று இரவு, எல்லாவற்றிலும் எளிது ஆதாரைத் திருத்துவதுதான் என்று நானே முடிவு செய்தேன். மையம் பக்கத்திலேயே இருந்தது, செலவு அப்போது 50 ரூபாய்தான். பிறப்புச் சான்றிதழுக்கோ தாய்வீட்டு ஊருக்குப் போகவேண்டும். தீபாவளிக்கு மூன்று வாரமே இருந்தது. என் தொழிலுக்கு ஆண்டு முழுவதற்குமான வரும்படி வருவது அந்த மூன்று வாரத்தில்தான். ஆகவே அருகில் இருந்ததைச் செய்தேன். முதல் நாள் போனபோது டோக்கன் தீர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் மகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் அழைத்துக்கொண்டு, காலை ஏழு மணிக்கே போய் வரிசையில் நின்று, தலைமையாசிரியர் கையொப்பமிட்ட படிவத்தைக் கொடுத்து, ‘இசட்-எச்’ என்று மூன்று முறை சொல்லி, திரையில் பார்த்து, ஒப்புகைச் சீட்டிலும் பார்த்துத் திருப்தியாக வீடு திரும்பினேன். பத்து நாளில் ஆதார் சரியாக வந்தது. சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டேன் என்றால் சிரிப்பீர்கள்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும் என்பது அதன் பிறகுதான் எனக்குத் தெரியும். 2019இல் ஒன்று, இப்போது ஒன்று. என் மகளுக்கு ஒதுக்கிய இரண்டும் தீர்ந்துவிட்டன. பிறந்த தேதியைத் திருத்த ஒரே ஒரு வாய்ப்புதான். இன்னொன்றும் பின்னால் தெரிந்தது: பிள்ளைக்கு ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகையும் கருவிழியும் கட்டாயம் புதுப்பிக்கவேண்டும், உரிய வயதில் செய்தால் அதற்குக் கட்டணம் இல்லை, அத்துடன் சேர்த்துப் பெயரையும் திருத்திக்கொண்டால் அதற்கும் தனிக் கட்டணம் கிடையாது. அடுத்த மாதம் பதினைந்து முடியவிருந்த பிள்ளைக்கு நான் அவசரப்பட்டு ஒரு நாளையும் ஒரு வாய்ப்பையும் செலவழித்தேன். ஐம்பது ரூபாய் போனால் போகிறது. அந்த வாய்ப்புதான் பிறகு என்னை இரவில் தூங்கவிடாமல் செய்தது.

இதற்கு நடுவில் மூவாயிரம் ரூபாய் போன கதையையும் சொல்லவேண்டும், வெட்கமாக இருந்தாலும். ஓர் அரசு அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் ஒருவர், பிறப்புச் சான்றிதழையும் குடும்ப அட்டையையும் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரு இருக்கு, அரசிதழ்ல போடாம ஒண்ணும் நடக்காது, சென்னைக்கு நான் பார்த்துக்கிறேன்” என்றார். 4,500 ரூபாய் முன்பணம் கேட்டார். தீபாவளிக்கு வந்திருந்த தையல் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், கணவரிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து இ-சேவை மையத்தில் வேலை செய்யும் ஒரு பெண்தான், பேச்சுவாக்கில் இதைக் கேட்டுவிட்டு, “அக்கா, பேரே போடாத சான்றிதழுக்குப் பேர் மாத்துறது எப்படிக்கா? புதுசா சேர்க்கத்தானே வேணும்?” என்றாள். இடி விழுந்தாற்போல இருந்தது. அரசிதழ் என்பது, இருக்கும் பெயரை விட்டுவிட்டு வேறு பெயருக்கு மாறுகிறவர்களுக்கு. என் மகளுக்குப் பிறப்புப் பதிவேட்டில் மாற்றுவதற்குப் பெயரே இல்லை. திரும்பப் போய்க் கேட்டதில் 1,500 ரூபாய் கிடைத்தது. மீதி ‘எழுதின கூலி’ என்றார். அவர் எழுதிய ஒரு வரியையும் நான் பார்க்கவில்லை. அலுவலக வாசலில் யாராவது பெரிய தொகை சொன்னால், உள்ளே போய் ஒருமுறை கேட்டுவிட்டு வந்து கொடுங்கள். உள்ளே கேட்பதற்குக் காசு இல்லை. அப்படிக் கேட்கக் கூச்சப்பட்டதற்கு நான் கொடுத்த விலை அந்த மூவாயிரம்.

தீபாவளி அக்டோபர் 31இல் முடிந்தது. நவம்பர் முதல் வாரத்தில்தான் தாய்வீட்டு ஊருக்குக் கிளம்பினேன். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ஸுக்குத்தான். குத்தாலத்திலிருந்து கும்பகோணம், அங்கிருந்து வலங்கைமான், நீடாமங்கலம் வழியாகப் போகும் வண்டிகளுக்குச் சீட்டு வாங்கித்தான் ஆகவேண்டும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கேட் மூடியிருந்தது. நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் பிறப்புச் சான்றிதழை எடுத்து முதன்முறையாக முழுமையாகப் படித்தேன். பதிவு நாள் என்ற இடத்தில் 27.11.2009 என்று இருந்தது. அதற்கு ஒரு பொருள் உண்டு என்பது அப்போது தெரியாது.

நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவில் இருந்த அம்மையார் அந்த நாளைப் பார்த்துவிட்டு, நாட்காட்டியைப் பார்த்தார். பெயரில்லாமல் பதிவான பிறப்புக்கு, பதிவான நாளிலிருந்து ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் முடியும்வரை 200 ரூபாய் காலதாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். எனக்கு மீதியிருந்தது மூன்று வாரம். அரசு அவ்வப்போது கால நீட்டிப்புக் கொடுப்பதுண்டு என்றாலும், அதை நம்பி இருக்கவேண்டாம் என்றார். கைகால் நடுங்கிவிட்டது. வகுப்பாசிரியர் அழைக்காமல் இருந்திருந்தால், பதினொன்றாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் இருந்திருந்தால், என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். இதைப் படிக்கிறவர்களில் வீட்டில் பிள்ளை வைத்திருக்கிறவர்கள், அந்தத் தாளை எடுத்து இரண்டு இடங்களைப் பாருங்கள்: பெயர் இருக்கிறதா, பதிவு நாள் எது. பிள்ளை பிறந்த ஊரில்தான், அதாவது பிறப்பு நிகழ்ந்த இடத்தில்தான், பதிவேடு இருக்கும்; நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரில் தேடினால் கிடைக்காது. தாய்வீட்டுப் பிரசவம் நடக்கும் நம் வழக்கத்தில் இது பலருக்கு இரண்டு பஸ் மாறும் தூரம். அங்கே இருக்கும்போதே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு புகுந்த வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்பே, பெயரைச் சேர்த்துவிட்டால் ஒரு காசு செலவில்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு, பள்ளியில் சேர்ப்பது முதல் பல காரியங்களுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. இளம் தாய்மார்கள் என்னைப் போல் பதினைந்து ஆண்டு தள்ளிப்போட வழியே இல்லை.

அன்று வேலை முடியவில்லை. தாய் தந்தை இருவரின் கையெழுத்தும், பள்ளியின் சான்றும் வேண்டும் என்றார்கள். அடையாளத்துக்கு நான் நீட்டிய குடும்ப அட்டையைப் பார்த்ததும் இன்னொரு சிக்கல் வந்தது. “இதுல பொண்ணு பேரு அபயாம்பாள்னு இருக்கேம்மா, நீங்க வேற பேர் சொல்றீங்க. நான் எதைப் போடுறது?” அவர் கேட்டது நியாயம்தான். தன் பதிவேட்டில் ஏறும் பெயர் சரியா என்று பார்ப்பது அவர் வேலை. குடும்ப அட்டையைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். கும்பகோணம் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்கவில்லை.

குடும்ப அட்டைக்கு, மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை வட்டத்துக்கு ஓர் இடத்தில் பொது விநியோகக் குறைதீர் முகாம் நடக்கிறது. அந்த மாதம் நல்ல வேளையாக அது நான்கு நாளில் வந்தது. குடும்பத் தலைவி மாமியார் என்பதால் அவரும் வரவேண்டியிருந்தது. அவருக்கு முழங்கால் வலி. ஆட்டோ வைத்துத்தான் அழைத்துப் போனேன். புளிய மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, விண்ணப்பத்தை நிரப்பி, கையெழுத்துக்காக நீட்டினேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டி, முழுவதையும் படித்தார். ‘தற்போதுள்ள பெயர்: அபயாம்பாள்’ என்ற வரியில் விரலை வைத்தார். விரல் அங்கேயே இருந்தது. “என் பேரை அடிக்கச் சொல்லி நானே கையெழுத்துப் போடணுமா?” என்று கேட்டார். கோபம் இல்லை அந்தக் குரலில். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பதினைந்து ஆண்டாக அந்தப் பெயரை நான் ஒரு தொல்லையாகத்தான் நினைத்திருந்தேன். அவர் தாயும் பாட்டியும் அதே பெயர்க்காரர்கள் என்பதை அன்று அந்த மரத்தடியில்தான் அவர் சொன்னார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். வரும் வழியில், “பரீட்சைன்னு சொல்லிட்டே, அப்புறம் என்ன” என்று மட்டும் சொன்னார். ஆட்டோவுக்கு நான் எடுத்த காசைத் தட்டிவிட்டு அவரே முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார்.

மறுமுறை போனது ஐப்பசிக் கடைசி நாளில். மயிலாடுதுறைத் துலாக் கட்டத்தில் கடைமுழுக்கு என்பதால் எங்கள் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை; மகளுக்குப் பள்ளி இல்லை. என் பிறந்த ஊர் திருவாரூர் மாவட்டம், அங்கே அலுவலகம் உண்டு. ஊரே காவிரிக்குப் போக, நாங்கள் மூவரும் எதிர்த்திசையில் போனோம். கணவர் அன்று நடவை நிறுத்திவிட்டு வந்தார். ஆள் கிடைக்காத காலத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்குத் தெரியும் என்பதால், பஸ்ஸில் அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. மூவாயிரம் ரூபாயை அன்றுதான் அவரிடம் சொன்னேன். அவர் நீண்ட நேரம் சன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இன்னொரு தடவை தனியாப் போகாதே” என்றார். திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

விண்ணப்பம் கொடுத்தோம், 200 ரூபாய் கட்டினோம், ரசீது வாங்கினோம். பன்னிரண்டு நாள் மிச்சம் இருந்தது. எல்லாம் முடிந்தது என்று என் தாய்வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுத் திரும்பினோம். இந்த இடத்தில்தான் என் இரண்டாவது பெரிய தவறு ஒளிந்திருந்தது. விண்ணப்பத்தில் பெயரைத் தமிழில் எழுதும் கட்டத்தை அழகாக, ‘ழி’யின் சுழியெல்லாம் தெரியும்படி எழுதினேன். ஆங்கிலக் கட்டம் காலியாகவே இருந்தது. பள்ளிச் சான்று இணைத்திருக்கிறதே, அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள் என்று நினைத்தேனா, தமிழ் போதும் என்று செருக்காக இருந்தேனா என்று இன்றைக்கும் எனக்கே தெளிவில்லை.

நவம்பர் கடைசி வாரம், பெருமழை பிடிப்பதற்கு முந்திய நாள், சான்றிதழை வாங்கப் போனேன். தமிழில் ‘ழி’ அப்படியே இருந்தது. ஆங்கிலத்தில் ‘எல்’. சாளரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பள்ளியில் ‘இசட்-எச்’, ஆதாரில் இப்போதுதான் கடைசி வாய்ப்பையும் செலவழித்து ‘இசட்-எச்’ ஆக்கியிருக்கிறேன், எல்லாவற்றுக்கும் மூலமான தாளில் ‘எல்’. ஒருமுறை ஏறிய பெயரை வேறு பெயராக மாற்ற முடியாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இதை மாற்றமுடியாது என்று சொல்லிவிட்டால் பள்ளிப் பதிவேட்டை மாற்றவேண்டும், ஆதாரை மாற்றவேண்டும். ஆதாரில் இனி வழியில்லை. முதலில் இந்தத் தாளைச் சரியாக்கி, இதை வைத்து ஆதாரைத் திருத்தியிருந்தால், இங்கே எந்தப் பிழை வந்தாலும் எனக்கு அங்கே ஒரு வாய்ப்பு கையில் இருந்திருக்கும். முதலில் பிறப்புச் சான்றிதழ், அது ஒவ்வோர் எழுத்தும் சரியாக வந்த பிறகு ஆதார், அதற்குப் பிறகு வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ் என்று இறங்கவேண்டும். நான் நடுவிலிருந்து ஏறினேன்.

அந்த அம்மையார் என் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். “இங்கிலீஷ்ல எப்படின்னு நீங்க எழுதித் தரலையேம்மா” என்று கடுமையே இல்லாத குரலில் சொல்லிவிட்டு, வேறு பெயராக மாற்றுவதற்கும் எழுத்துப்பிழையைத் திருத்துவதற்கும் வித்தியாசம் உண்டு என்று விளக்கினார். தமிழ்ப் பெயர் ஒன்றேதான், ஆங்கில எழுத்து மட்டும் மாறுகிறது, அதற்குப் பள்ளிச் சான்றும் ஆதாரும் ஆதாரமாக இருக்கின்றன என்றால் அது எழுத்துப்பிழைத் திருத்தம். அதற்குப் பதிவாளரிடம் மனுக் கொடுக்கலாம். நான் முந்திக்கொண்டு திருத்திய ஆதார் அங்கே ஒரு சான்றாகப் பயன்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அதே சாளரத்தில் நின்று மனு எழுதினேன். இந்த முறை ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக, தனித்தனியே, இடைவெளி விட்டுப் பெரிய எழுத்தில் எழுதினேன். எழுதி முடித்து மகளுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அவள் பள்ளி இடைவேளையில் இருந்தாள். “அம்மா, ஸ்பெல்லிங் டெஸ்ட் மாதிரி இருக்கு” என்றாள்.

மறுநாள் தொடங்கிய மழையில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். நட்டுப் பத்து நாள்கூட ஆகாத பயிர் தண்ணீருக்குள் போய், கணவர் இரவும் பகலும் வடிகாலைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் பெயரைப் பற்றி யாரும் பேசவில்லை. டிசம்பர் இரண்டாம் வாரம் திருத்திய சான்றிதழ் வந்துவிட்டதாகத் தகவல் கிடைத்து, நான்காவது முறையாகப் போனேன். நீடாமங்கலம் கேட் திறந்திருந்தது. வாங்கிய இடத்தைவிட்டு நகராமல், தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், என் பெயர், கணவர் பெயர், பிறந்த தேதி, பதிவு நாள் எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்தேன். பின்னால் நின்றவர் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும் என்று இரண்டாம் முறையும் படித்தேன்.

பள்ளியில் திருத்தம் செய்ய அவகாசம் இருந்தது. விவரங்கள் சரி என்று உறுதிமொழிப் படிவத்தில் மகளும் நாங்களும் கையெழுத்திட்டோம். இதை யாரும் வெறும் சடங்காக நினைத்துக் கையெழுத்திட வேண்டாம். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்தபிறகு ஓர் எழுத்தை மாற்றவேண்டுமானால், பள்ளி வழியாக மேலே பல படி ஏறிச் சென்னையிலுள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம்வரை போகவேண்டியிருக்கும். அந்தப் படிவத்தில் திருத்த ஒரு பேனா போதும். வகுப்பாசிரியர் இன்னொன்றையும் நினைவூட்டினார். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்த பெண்கள் கல்லூரி போகும்போது, 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அது வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஆகவே வங்கியில் இன்னும் இருந்த பழைய ‘எல்’லையும், சாதிச் சான்றிதழில் இருந்ததையும் மாற்றிவிடுங்கள் என்றார். சாதிச் சான்றிதழுக்கு இ-சேவையில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். அரசிதழ் வேண்டாம் என்று சொன்ன அதே பெண்தான் பதிவு செய்தாள். அவளுக்கு ஒரு ரவிக்கை இலவசமாகத் தைத்துக் கொடுத்தேன். அளவு ரவிக்கை கேட்டதற்கு மூன்று நாள் வெட்கப்பட்டாள்.

செலவைக் கூட்டிப் பார்த்தேன், கூட்டாமல் இருந்திருக்கலாம். வாசலில் போன 3,000. ஒன்பது வேலை நாள், நாளுக்கு நான்கு சாதா ரவிக்கை, ஒன்றுக்கு 120 ரூபாய் என்று 4,320. பயணமும் சாப்பாடும் 1,200. நகல், படிவம், புகைப்படம் எல்லாம் 350. அலுவலகத்தில் முறையாகக் கட்டிய கட்டணம் மூன்றும் சேர்த்து 310. கணவரின் ஒரு நாள் நடவை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் அவர் கேட்பார். ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் அரசுக்குப் போனது 310 ரூபாய்தான் என்பதைக் கண்டபோது, யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. தீபாவளிக்குத் துணி கொடுத்து நான் தைத்துத் தராத மூன்று பேர் இப்போது வேறு தையற்காரியிடம் கொடுக்கிறார்கள். அதில் ஒருத்தி என் நாத்தனார்.

2025 மே 16இல் தேர்வு முடிவு வந்தது. மகள் கைப்பேசியில் மதிப்பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் மேலே இருந்த பெயரைத்தான் முதலில் பார்த்தேன். அவள் அதற்காக என்னை முறைத்தாள். அத்தை உள்ளிருந்து, “அபயா பாஸா?” என்று கேட்டார். பாஸ் என்று அவளே போய்ச் சொன்னாள்.

அன்று மாலையே இளையவனின் தாள்களை எடுத்து விரித்தேன். நான்காம் வகுப்பு முடித்திருக்கிறான். பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்கிறது, தமிழும் ஆங்கிலமும் சரி, ‘ழ’ எதுவும் இல்லாத பெயர். முன்னெழுத்தைப் பார்த்தேன். பள்ளியில் ‘ஜி’, ஆதாரில் ‘என்’. திங்கட்கிழமை ஆதார் மையத்துக்குப் போவதாக இருக்கிறோம், கணவரும் வருகிறார்.